ஓடும் வண்டியில் கை வைக்கலாகாதா?

"ஓடுகிற வண்டியில் கை வைக்காதே" என்னும் அறிவுரை, கார் வைத்திருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களிடையே எழுதப்படாத சட்டமாகவே நிலைபெற்றுவிட்டது. பிரேக்கை மிதித்தால் எழும் கீச்சொலி, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடியிலிருந்து வரும் 'டக்' சத்தம், மாதந்தோறும் குறையும் ரேடியேட்டர் தண்ணீர், முகப்பில் அணையாமல் எரியும் மஞ்சள் விளக்கு, ஒரு பக்கமாக இழுக்கும் ஸ்டீயரிங் என எதைப் பற்றிக் கேட்டாலும், உறவினரும் பக்கத்து வீட்டாரும் அனுபவமுள்ள ஓட்டுநரும் தரும் விடை ஒன்றாகவே இருக்கிறது: வண்டி ஓடுகிறதல்லவா, ஓடட்டும், நின்றால் பார்த்துக்கொள்ளலாம். இக்கருத்து தவறானது என்பதும், மிச்சப்படுத்துவதாகச் சொல்லும் பணத்தைப்போலப் பல மடங்கை அது விழுங்குகிறது என்பதும், பணத்தோடு நில்லாமல் உயிருக்கும் ஊறு தேடுகிறது என்பதும் இங்கே நிறுவப்படும்.

மறுக்கப்படும் கருத்தை அதன் வலுவான வடிவில் எடுத்துவைப்பதே முறை. அதன் ஆதரவாளர்கள் முன்வைக்கும் நியாயங்கள் நான்கு. இக்காலக் கார்களில் உணரிகளும் கணினியும் பொருத்தப்பட்டிருப்பதால், உண்மையான ஆபத்து நெருங்கினால் வண்டியே எச்சரித்துவிடும் என்பது முதலாவது. தொழிற்சாலையில் உரிய முறுக்குவிசையில் இறுக்கப்பட்ட பாகத்தை ஒருமுறை கழற்றி மாட்டினால் அது பழையபடி அமைவதில்லை, ஒரு சத்தத்தைச் சரிசெய்யப் போய் இரண்டு சத்தங்களோடு திரும்ப நேர்கிறது என்பது இரண்டாவது. சிறு குறையைச் சொன்னால் சர்வீஸ் சென்டர் பெரிய பில்லாக எழுதிவிடும் என்பது மூன்றாவது. டேஷ்போர்டில் கடகடக்கும் பிளாஸ்டிக் பத்து ஆண்டுகள் ஆனாலும் கடகடப்பதோடு நின்றுவிடுவதைப்போல, பெரும்பாலான சிறு கோளாறுகள் வளர்வதே இல்லை என்பது நான்காவது.

இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. கதவுக் கண்ணாடி மெதுவாக ஏறுவதும், வெயிலில் பெயிண்ட் வெளிறுவதும், உட்புறப் பிளாஸ்டிக் கடகடப்பதும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கக் கூடியவை. அவற்றுக்காக ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு பட்டறை வாசலில் நிற்கத் தேவையில்லை என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. கண்ணாடிக்குப் பொருந்தும் இந்த நியாயத்தை அப்படியே பிரேக்குக்கும் டயருக்கும் குளிர்விப்பு அமைப்புக்கும் நீட்டுவதில்தான் பிழை தொடங்குகிறது. ஒரு கோளாற்றைச் 'சின்னது' என்று சொல்லும்போது அதன் சத்தமும் அதைச் சரிசெய்ய ஆகும் செலவும் அளக்கப்படுகின்றனவே அன்றி, அதைக் கவனிக்காமல் விட்டால் நேரக்கூடிய விளைவு அளக்கப்படுவதில்லை.

1. ஓடுகிறது என்பது எதற்குச் சான்று? ஒரு பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு எரிபொருள், காற்று, அழுத்தம், தீப்பொறி ஆகியவை இருந்தால் போதும். பிரேக் வேலை செய்கிறதா, டயரில் பிடிமானம் மிஞ்சியிருக்கிறதா, மோதலின்போது காற்றுப்பை விரியுமா என்ற கேள்விகளுக்கும் எஞ்சின் ஓடுவதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. காற்றுப்பைக்குரிய விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் கார் நூறு கிலோமீட்டர் வேகத்தில் தடையின்றி ஓடும். மோதினால் மட்டும் அந்தப் பை விரியாமல் போகக்கூடும். திடீர் பிரேக்கின்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பு செயலிழந்த காரும் நாள்தோறும் ஓடும், நாள்தோறும் நிற்கும். மழைச் சாலையில் குறுக்கே ஓர் ஆள் வரும் ஒற்றைக் கணத்தில்தான் அந்த இழப்பு வெளிப்படும்.

பிரேக்கின் கீச்சொலியையே எடுத்துக்கொள்ளலாம். பிரேக் பேட் எனப்படும் உராய்வுப் பட்டை தேய்ந்து, மாற்ற வேண்டிய அளவை எட்டியதும் டிஸ்க்கில் உரசிச் சத்தம் எழுப்புவதற்கென்றே பல பேடுகளில் ஒரு சிறு உலோக நாக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஈரத்தாலும் தூசியாலும் கீச்சொலி எழுவதுண்டு என்பது மெய்யே. எனினும் எது தூசி, எது தேய்மானம் என்பதைச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல் எவராலும் சொல்ல இயலாது. சில நிமிடங்கள் ஆகும் அந்தப் பார்வையைத் தவிர்த்தால் பேடின் பின்னுள்ள இரும்புத் தகடு நேரடியாக டிஸ்க்கை அறுக்கத் தொடங்கும். அப்போது பேடோடு டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

இதைக் காட்டிலும் நுட்பமானது பிரேக் ஆயில் விவகாரம். மிதியின் அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுசெல்லும் இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் வகை, புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியசுக்குக் குறையாத கொதிநிலை உடையதாக இருக்க வேண்டும் என்பது தரவிதி, 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அவ்விதி எதிர்பார்க்கும் அளவு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 3 வகைக்கு இவ்வெல்லைகள் 205, 140 டிகிரி. சமவெளியில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஓடும் காரில் பழைய திரவம் எந்தக் குறையையும் காட்டாது, ஏனெனில் அங்கே பிரேக் அவ்வளவு சூடாவதே இல்லை. அதே கார் குடும்பத்தோடும் மூட்டைகளோடும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது, சூட்டினால் திரவம் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகின்றன. திரவத்தை அழுத்திச் சுருக்க இயலாது, ஆவியையோ எளிதில் சுருக்கலாம் என்பதால் மிதி தரைவரை இறங்கியும் சக்கரம் பிடிபடாது. மலை ஏறிய காலையில்கூட அந்த வண்டி நன்றாகவே ஓடியிருக்கும். பல தயாரிப்பாளர்கள் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வதன் காரணம் இதுவே. இதை வீண்செலவு என்று ஒதுக்குவோர் சமவெளியின் சான்றைக் கொண்டு மலைக்குத் தீர்ப்பு எழுதுகின்றனர்.

2. கோளாறு சிறிதாக இருக்கும் காலத்தில்தான் அது மலிவாகவும் இருக்கிறது என்பதை இக்கருத்தினர் கணக்கில் கொள்வதில்லை. ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்து, சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது என்று கொள்வோம். கிளிப்பையோ குழாயையோ மாற்றுவது அரைமணி நேர வேலை. அதற்கு மாறாக நடப்பது என்னவென்றால், குறைந்த அளவை ஈடுகட்டக் குழாய்த் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ ஊற்றப்படுகிறது. வாரம் ஒரு பாட்டில் ஊற்றினால் வண்டி ஓடுகிறது என்பதால் அது ஒரு கோளாறாகவே கருதப்படுவதில்லை.

கூலண்ட் என்பது எத்திலீன் கிளைகால் என்னும் வேதிப்பொருளும், தாதுக்கள் நீக்கிய நீரும், உலோகம் அரிக்கப்படாமல் காக்கும் சேர்மங்களும் அளவாகக் கலந்த திரவம். பனி உறையும் நாடுகளுக்குத்தான் அது தேவை, சென்னை வெயிலில் தண்ணீரே போதும் என்பது இக்கருத்தின் கிளை வாதம். உறைநிலையைத் தாழ்த்துவது அதன் வேலைகளுள் ஒன்று மட்டுமே. பாதிக்குப் பாதி கலந்த கலவை சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடி காக்கும் அழுத்தம் அதை மேலும் உயர்த்துகிறது. ஆகவே வெயில் கடுமையான ஊரில் கூலண்டின் தேவை கூடுமே அன்றிக் குறையாது. வாரந்தோறும் தண்ணீர் ஊற்றுவதால் கிளைகாலும் பாதுகாப்புச் சேர்மங்களும் நீர்த்துப்போகின்றன. போர்வெல் தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிகின்றன. அலுமினியப் பாகங்கள் அரிக்கப்படத் தொடங்குகின்றன.

இறுதியில் நெடுஞ்சாலையில் ஒருநாள் வண்டி சூடேறுகிறது. அலுமினியம் வெப்பத்தில் வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும் உலோகம் என்பதால், எஞ்சினின் மேற்பகுதியான ஹெட் அளவுமீறிய சூட்டில் வளைந்துவிடுகிறது. அதற்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடாகிய ஹெட் கேஸ்கட் கிழிகிறது. கூலண்ட் எண்ணெயில் கலந்து பால்போல் வெளுக்கிறது. வெப்பமானியைப் பார்த்துக்கொண்டால் போதாதா என்ற கேள்விக்கும் இங்கே விடை உண்டு: அதன் உணரி அளப்பது திரவத்தின் சூட்டை. திரவம் வெளியேறி உணரி வெறுமையில் நிற்கையில், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதும் முள் சரியான இடத்தைக் காட்டக்கூடும். சில பத்து ரூபாய் கிளிப்பில் தொடங்கியது எஞ்சினைப் பிரித்து ஹெட்டைச் சமன்செய்யும் பல்லாயிரம் ரூபாய் வேலையில் முடிகிறது. 'பிரிக்காத எஞ்சினே நல்ல எஞ்சின்' என்று வாதிட்டவரின் எஞ்சின் அந்த வாதத்தாலேயே பிரிக்கப்படுகிறது.

முன்சக்கரத்துக்கு விசை கொண்டுசெல்லும் ஆக்சிலின் மூட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறையும் இத்தகையதே. பூட் என்று பட்டறைகளில் சொல்லப்படும் அவ்வுறை கிழிந்த அன்றே மாற்றினால், உள்ளிருக்கும் கிரீசும் மூட்டும் தப்பும். விட்டுவிட்டால் மணலும் சேற்றுநீரும் புகுந்து, ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போது 'டக் டக்' என்று கேட்கத் தொடங்கும். சத்தம் கேட்ட பின் உறையை மட்டும் மாற்றிப் பயனில்லை, மூட்டே போய்விட்டிருக்கும். ரப்பர் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின்களில் நிலைமை இன்னும் கடுமை: அறுந்துபோகும் நிமிடம்வரை அது எந்தச் சத்தமும் தராமலிருக்கலாம், அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதிவிடும். குறித்த கிலோமீட்டரில் மாற்றுவதைத் தவிர அதற்கு வேறு காப்பில்லை.

3. ஒட்டுவேலை பழுதுபார்த்தல் ஆகாது. கை வைக்கலாகாது என்பவர்கள் முற்றிலும் கை வைக்காமல் இருப்பதில்லை. கோளாறு மறையும் அளவுக்கு மட்டும் கை வைக்கின்றனர். கோடைதோறும் நடைபெறும் ஏசி 'கேஸ் ஃபில்லிங்' இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. காரின் ஏசி ஒரு மூடிய சுற்று; அதிலுள்ள குளிர்பதன வாயு பெட்ரோலைப்போலச் செலவாகும் பொருளே அன்று. ரப்பர் குழாய்களின் வழியே பல ஆண்டுகளில் சிறிதளவு கசிவது இயல்பு. ஆண்டுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் அச்சுற்றில் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் வாயுவை மட்டும் நிரப்பினால் அடுத்த கோடைக்குள் அதுவும் வெளியேறுகிறது. கம்ப்ரசரை மசகிடும் எண்ணெய் வாயுவோடு சேர்ந்தே சுற்றுவதால், கசிவின் வழியே எண்ணெயும் போகிறது. நாளடைவில் கம்ப்ரசர் இறுகிப்போகும்போது, ஆண்டுதோறும் கொடுத்த நிரப்புக் கூலியோடு கம்ப்ரசரின் விலையும் சேர்ந்து பில்லாக வந்து நிற்கிறது. நைட்ரஜனை அழுத்தி ஏற்றிச் சோப்பு நீரால் கசிவைக் கண்டறிவது நம்மூர்ப் பட்டறைகளில் எளிதாகக் கிடைக்கும் சோதனை, கேட்பவர்தாம் குறைவு. வெளியேறும் ஆர்134ஏ என்னும் குளிர்பதன வாயு, புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது என்பதால், இச்சிக்கனத்தின் சுமை காரின் உரிமையாளரோடு நிற்பதுமில்லை.

பிரேக் ஆயில் தொட்டியில் அளவு குறைந்தால் ஊற்றி நிரப்பிவிடுவதும் இவ்வகையைச் சேர்ந்தது. பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளிநோக்கி நகர்ந்து, தொட்டியிலுள்ள திரவம் அந்த இடத்தை நிரப்பச் செல்வதால் மட்டம் தாழ்கிறது. எனவே கசிவு இல்லாத வண்டியில் தாழ்ந்த மட்டம் தேய்ந்த பேடின் அடையாளம். மேலே ஊற்றி நிரப்புகிறவர் பேடைப் பற்றிய தகவலைத் தம் கையாலேயே அழித்துவிடுகிறார். மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனரை மாட்டிப் பிழைக்குறியீட்டை அழித்துத் தருவதும், எலி கடித்த ஒயரில் வெறும் டேப்பைச் சுற்றிவிடுவதும் இதே இனத்தவை. மழைக்காலத்தில் எலி புகும் வீட்டுத் தாழ்வாரங்களில் இவ்வாறு சுற்றப்பட்ட ஒயரில் ஈரம் ஏறினால் மின்கசிவும், சில வேளை தீயும் நேர இடமுண்டு.

4. வண்டியே எச்சரிக்கும் என்று நம்புவோர், வண்டி எச்சரிக்கும்போது நம்புவதில்லை. இக்கருத்தின் உள்முரண் இதுவே. ஒருபுறம், ஆபத்து வந்தால் விளக்கு எரியும், எனவே கவலை வேண்டா என்கின்றனர். மறுபுறம், எரியும் விளக்கைக் காட்டினால், சென்சார் கோளாறு, கண்டுகொள்ள வேண்டா என்கின்றனர். இவ்விரண்டும் ஒருசேர மெய்யாக இருக்க முடியாது.

எந்த விளக்கு எதைச் சொல்கிறது என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். சிவப்பு நிறம் உடனே நிறுத்தச் சொல்வது. எண்ணெய் அழுத்தத்துக்குரிய சிவப்பு விளக்கு எரிந்த பின் ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் எஞ்சினின் பேரிங்குகள் அழியக்கூடும். மஞ்சள் நிறம் விரைவில் பார்க்கச் சொல்வது. எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியில் போய் எரிந்து அதை உருக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரியைத் தேக்கும் வடிகட்டிக்குத் தனி விளக்கு உண்டு. பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் டீசல் காரில் அவ்வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளப் போதிய சூடும் தொடர்ச்சியான வேகமும் கிடைப்பதில்லை. கையேடு சொல்வதுபோல நெடுஞ்சாலையில் சற்றுநேரம் ஓட்டினாலே அந்த விளக்கு பெரும்பாலும் அணைந்துவிடும், பட்டறைக்குப் போகும் தேவைகூட எழாது. வாரக்கணக்கில் புறக்கணித்தாலோ வடிகட்டி முழுவதும் அடைபட்டு, விலை உயர்ந்த அப்பாகத்தையே மாற்ற நேரும்.

உணரி எங்கே இருக்கிறதோ அதை மட்டுமே வண்டி அறியும். இந்தியாவில் கார்களுக்கு 2010இலும் 2013இலும் இரு கட்டங்களாகக் கட்டாயமாக்கப்பட்ட உள்ளமை கண்காணிப்பு முறை, முதன்மையாகப் புகை வெளியீட்டோடு தொடர்புடைய பாகங்களைக் கவனிப்பதற்காக ஏற்பட்டது. கிழிந்த ஆக்சில் உறையையும், ஆட்டம் கண்ட ஸ்டீயரிங் மூட்டையும், வெயிலில் இறுகிய வைப்பர் ரப்பரையும் அறியும் உணரி எதுவும் குடும்பக் கார்களில் இல்லை. டயரில் காற்று குறைந்தால் சொல்லும் வசதியும் விலை குறைந்த கார்கள் பலவற்றில் கிடையாது. கண்ணால் பார்த்தே காற்றைக் கணிக்கலாம் என்பதும் தவறு. ரேடியல் டயரின் பக்கச்சுவர் சரியான அழுத்தத்திலும் சற்றுப் பிதுங்கியே நிற்பதால், கால்வாசி காற்று போயிருந்தாலும் பார்வைக்குப் பெரிதாக வேறுபாடு தெரியாது. குறைந்த காற்றோடு ஓடும் டயரின் பக்கச்சுவர் சுழற்சிதோறும் கூடுதலாக வளைந்து நிமிர்ந்து உள்ளுக்குள் சூடேறுகிறது. மே மாத நண்பகலில், ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய வண்டியில், நாற்கரச் சாலையின் வேகத்தில் அந்தச் சூடு டயரை வெடிக்கச் செய்யும் அளவை எட்டலாம். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் பல கார்களுக்கு இரண்டு அளவுகள் அச்சிடப்பட்டிருக்கின்றன, ஒன்று சில பேருக்கு, மற்றொன்று முழுச் சுமைக்கு. ஊர்ப்பயணத்துக்கு முன் இரண்டாவது அளவுக்குக் காற்றடிப்பவர்கள் அரிது. ஸ்டெப்னியைச் சோதிப்பவர்கள் அதனினும் அரிது.

5. 'ஓடுகிறதா பார்ப்போம்' என்பதே பேரழிவாகும் தருணமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் கார்கள் நீரில் மூழ்கிக் கிடந்தன. நீர் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்ப்பதே பலரின் முதல் செயலாக இருக்கிறது. காற்று செல்லும் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் புகுந்த நீரைப் பிஸ்டனால் அழுத்த இயலாது. எஞ்சினைச் சுழற்ற முயன்றால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும், சில வேளை உடைந்து எஞ்சின் சுவரையே துளைக்கும். ஸ்டார்ட் செய்யாமல் பட்டறைக்கு இழுத்துச் சென்றிருந்தால் நீரை வடித்து எண்ணெய் மாற்றி மீட்டிருக்கக்கூடிய எஞ்சின், அந்த ஒரு திருகலில் வீணாகிறது. இவ்வாறு பின்விளைவாக நேரும் எஞ்சின் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்கெனத் தனியாகக் கூடுதல் தொகை கட்டியிருக்க வேண்டும்.

6. நின்றால் பார்த்துக்கொள்ளலாம் என்றால், எங்கே நின்றால்? வண்டி வீட்டு வாசலில், பகல் வேளையில், வேலையற்ற நாளில் நிற்கும் என்ற எடுகோள் இவ்வாதத்தில் மறைந்திருக்கிறது. சாவியைத் திருகியதும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுவது பேட்டரி முடியப்போவதற்கான முன்னறிகுறி. ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 12.2க்கு இறங்கியிருந்தால் பாதி மின்னேற்றமே மிஞ்சியிருக்கிறது என்பதை எந்தப் பேட்டரிக் கடையிலும் ஒரு நிமிடத்தில் அளந்து சொல்வார்கள். அளக்காமல் விட்டால் இரவு நேர நெடுஞ்சாலை உணவகத்திலோ மருத்துவமனைக்குப் புறப்படும் விடியற்காலையிலோ அது நின்றுபோகும்.

பட்டறையில் ஏமாற்றுவார்கள் என்ற அச்சத்துக்கும் விடை இங்கேயே இருக்கிறது. அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் தொழில்நுட்பக் குறிப்புகளும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் தயாரிப்பாளர்கள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் மொத்தம் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்ததும், அது மேல்முறையீடுகளுக்குச் சென்றதும் பதிவான செய்திகள். கையேட்டில் எங்கும் சொல்லப்படாத எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங் போன்றவற்றை ஒவ்வொரு சர்வீசிலும் பில்லில் சேர்ப்பதும் கண்டிக்கத்தக்கதே. இவை நிரூபிப்பதெல்லாம் உரிமையாளர் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதைத்தான். அவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை அன்று. இரவில் கயிறு கட்டி இழுத்துவரப்பட்ட வண்டியின் உரிமையாளருக்கு விலை பேசும் வலிமை ஏது? ஓடும் நிலையிலுள்ள வண்டியைக் கொண்டுசெல்பவரே இரண்டு இடங்களில் விலை கேட்கவும், பேடின் தடிமனை நேரில் காட்டச் சொல்லவும், மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கவும், ஒப்பவில்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியேறவும் முடியும். உத்தரவாதக் காலத்தில் இது மேலும் தெளிவு: அப்போது சொல்லி ஜாப் கார்டில் எழுதவைத்த சத்தம் நிறுவனத்தின் பொறுப்பாகிறது, சின்னதுதானே என்று சொல்லாமல் விட்ட அதே சத்தம், உத்தரவாதம் முடிந்த மறுநாள் உரிமையாளரின் செலவாகிறது.

7. இந்தத் துணிச்சலுக்கு விலை கொடுப்பவர் யார்? எஞ்சின் கெட்டால் உரிமையாளரின் பணம் போகும். அது அவரது உரிமை என்று விட்டுவிடலாம். பிரேக்கும் டயரும் ஸ்டீயரிங்கும் அப்படிப்பட்டவை அல்ல. பின்னிருக்கையில் உறங்கும் குழந்தையும், எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரரும், சாலையோரம் நடப்பவரும் அந்த முடிவில் கலந்துகொள்ளாதவர்கள். விளைவில் மட்டும் பங்கு பெறுகிறவர்கள்.

கிரேட் பிரிட்டனில் ஒரு கார் மூன்றாண்டு நிறைவடைந்ததும் ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனைக்குச் செல்ல வேண்டும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் முதல் சோதனை மூன்றாம் ஆண்டிலும் அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் நடக்கிறது. அங்கே பிரேக்கையும் டயரையும் ஸ்டீயரிங் மூட்டுகளையும் உரிமையாளருக்குத் தொடர்பில்லாத ஒருவர் பார்த்துச் சான்றளிக்கிறார். இந்தியாவில் தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். தகுதிச் சோதனை அதைப் புதுப்பிக்கும்போதுதான் வருகிறது. இடையில் கட்டாயமாக உள்ள மாசுச் சான்று புகையை மட்டும் அளக்கிறது, பிரேக்கைப் பார்ப்பதில்லை. எனவே பதினைந்து ஆண்டுகள் அந்தக் காரின் ஒரே சோதனையாளர் அதன் உரிமையாளரே; அவரும் கை வைக்கலாகாது என்று ஒதுங்கினால், சோதனை என்பதே நடைபெறாமல் அவ்வண்டி பொதுச்சாலையில் ஓடுகிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்து விளைவிக்கத்தக்க குறைபாடுள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. அக்குறைபாட்டால் விபத்து நேர்ந்து உடற்காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால் சிறைத்தண்டனைக்கும் இடமளிக்கிறது. குறைபாடு ஓட்டியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதோடு அப்பிரிவு நிற்கவில்லை. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய குறைபாட்டையும் அது சேர்த்தே சொல்கிறது. அதுவரை வண்டி நன்றாக ஓடியது என்பதை அப்பிரிவு ஒரு விலக்காக எங்கும் குறிப்பிடவில்லை.